கமரன் அம்மையாரும் செப்புத் தகட்டு அச்சும்

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தை ஊரிலே வரலாறு படித்த பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். 1833இல் இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த அந்தக் கமரனின் துணைவியாரே யூலியா மாகிரெட் கமரன் அம்மையார். நாம் ஊரில் ஆசிரியராயிருந்தபோது கணவரின் பெயரைப் பலமுறை கரும்பலகையில் எழுதினோம்; அம்மையாரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த அவர், 1838இல் மணம்புரிந்து, பின்னர் இங்கிலாந்து சென்று வைற் தீவில் குடியமர்ந்தார். 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலியோரின் முகங்களை மிக அருகில் நின்று, கூர்மை தவிர்த்த மென்மையுடன் படம்பிடித்தார். ஒளிப்படக்காரர் பலர் அதனைப் பிழையென இகழ்ந்தனர். அம்மையார் தம் வழியை மாற்றவில்லை.

1875இல் கணவருடன் இலங்கை சென்றார். அங்கு களுத்துறை நாட்டுப்புற மக்களையும், தோட்டங்களில் உழைத்த தமிழரையும் படம்பிடித்தார். 1879 சனவரியில் மலைநாட்டிற் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அதே ஆண்டில் வியன்னாவிலே காரெல் கிளிச் என்பவர் போட்டோகிராவூர் என்னும் அச்சுமுறையைச் செம்மைப்படுத்தினார். செப்புத் தகட்டில் நுண்ணிய பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டச் செய்வர். ஒளியுணரும் ஜெலற்றின் படலத்திற் படத்தைப் பதித்து, தகட்டில் ஒட்டி, வெந்நீராற் கழுவுவர். ஒளி மிகுந்த இடத்திற் படலம் தடித்தும், குறைந்த இடத்தில் மெலிந்தும் நிற்கும். பெரிக் குளோரைட்டுக் கரைசல் மெலிந்த இடத்திற் செப்பை ஆழமாக அரிக்கும். ஆழத்திலே மை மிகுதியாகத் தேங்குவதால் நிழல் கருமையாகும். ஈரத்தாளை வைத்து அழுத்தினால், கன்னத்தின் மெல்லிய நிழல்கூடத் தப்பாது வந்துவிடும். அம்மையார் விரும்பிய மென்மைக்கு இதனிலும் பொருத்தமான முறை இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர் காலத்து முட்டை வெண்கருத் தாட்படங்கள் மஞ்சளித்து மங்கக்கூடியவை. இதுவோ அச்சு மை, எளிதில் மங்காது.

1893இல் தெனிசனும் அவர் நண்பர்களும் அடங்கிய படத்தொகுதி இம்முறையில் இலண்டனில் வெளிவந்தது. 1913இல் ஸ்ரீக்லிற்ஸ் தமது 'கமரா வேர்க்' இதழிலும் அம்மையாரின் படங்களை இவ்வாறே அச்சிட்டார்.

இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை ஏறத்தாழ முப்பதே. அவற்றிலுள்ளோரின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவற்றுள் ஒன்றை நாம் வகுப்பிற் காட்டியபோது, மலையகத்துப் பேர்த்தி ஒருத்தி, இந்த அம்மாவின் பெயர் என்னவென்று கேட்டாள். எம்மிடம் விடை இருக்கவில்லை.