கோவை ரேஸ் டிராக்குக்கு ஏன் 'கரி'ன்னு பேர்? யார் இந்த கரிவரதன்?

கோவையில் பைக் ரேஸ், கார் ரேஸ் என்று செய்தி வந்தாலே கூடவே ஒரு பேரும் வரும்: கரி மோட்டார் ஸ்பீட்வே. செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் டிராக். அங்கே போய் ரீல்ஸ் எடுத்துப் போடும் பலருக்கும் இந்த 'கரி' என்னவென்று தெரியாது. டயர் கருகுற வாசனைக்கு வெச்ச பேர் என்றுகூட சிலர் நினைக்கலாம்.

அது ஒரு மனிதரின் பெயர். எஸ். கரிவரதன். ரேஸ் உலகத்தில் சுருக்கமா கரி. டிராக் திறக்கப்பட்டது 2003-ல். அவர் இறந்தது 1995-ல். தன் பேரில் ஓடும் டிராக்கை அவர் பார்த்ததே இல்லை. அப்புறம் ஏன் அவர் பேர்? இந்தியாவில் ரேஸ் ஓட்டணும் என்று நினைத்த ஒரு தலைமுறைக்கே முதல் வண்டியைக் கொடுத்தவர் அவர் என்பதுதான் சுருக்கமான பதில்.

முதலில், 'ஸ்பீட்வே' என்றால் என்ன?

பெயரில் ஸ்பீட்வே இருந்தாலும், இது உலகம் ஸ்பீட்வே என்று சொல்லும் பைக் ரேஸ் மைதானம் இல்லை. போலந்து, பிரிட்டன், ஸ்வீடன் போன்ற நாடுகளில் ஸ்பீட்வே என்பது தனி விளையாட்டு. முட்டை வடிவ மண் பாதை. ஒரு சுற்றில் நாலு பேர், நாலு லேப். 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக், எரிபொருள் மெத்தனால், பிரேக் கிடையாது. லீக் போட்டி என்றால் அணிக்கு இரண்டு பேர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்து 1, கடைசிக்கு பூஜ்யம். இப்படிச் சேரும் புள்ளிகள்தான் அந்தப் போட்டியில் எந்த அணி ஜெயித்தது என்று முடிவு செய்யும்.

கோவையில் இருப்பது வளைவு நெளிவான தார் டிராக். ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ஸ்பீட்வேயில் எல்லா பைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் ஜெயிப்பதில் வண்டியைவிட ஓட்டுபவரின் திறமைக்குத்தான் பங்கு அதிகம். கரிவரதன் இந்திய கார் ரேஸுக்குள் கொண்டுவந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

மில் குடும்பத்திலிருந்து ரேஸுக்கு

அவிநாசி ரோட்டில் போகிறவர்களுக்கு லட்சுமி மில்ஸ் ஒரு சிக்னல், ஒரு பஸ் ஸ்டாப். ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய அந்த மில்லில் இருந்து வளர்ந்த தொழில் குடும்பத்தில் பிறந்தவர் கரிவரதன். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் அவரைப் புரிஞ்சுக்க குடும்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஊரையும் பார்க்கணும்.

கோவை எதையும் கழட்டிப் பார்க்கும் ஊர். ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோனார். ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாகப் பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டினார். மில் மெஷின், பம்ப்செட், மோட்டார், ஃபவுண்டரி என்று இந்த ஊர் வளர்ந்த விதமே அப்படித்தான். வெளியூரில் வாங்க முடியாததை இங்கேயே செஞ்சுக்கலாம் என்ற நம்பிக்கை லேத் பட்டறை வரைக்கும் இருந்தது. கரிவரதன் அந்தப் பழக்கத்தை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனார்.

சோழவரம் காலத்தில் ரேஸ் எப்படி இருந்தது?

அன்றைக்கு தென்னிந்தியாவில் ரேஸ் என்றாலே சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. ஓரத்தில் வைக்கோல் கட்டு, சுற்றிலும் பெரும் கூட்டம். பைக்கும் காரும் ஒரே இடத்தில் ஓடின.

கரிவரதனும் அங்கே ஓட்டியவர்தான். ஆனால் அந்தக் களத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. வெளிநாட்டு ரேஸ் காரைக் கொண்டுவர பணமும் வேணும், செல்வாக்கும் வேணும். முடியாதவர்கள் ஃபியட்டையும் அம்பாசிடரையும் பிரிச்சு, தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். இப்படி ஆளுக்கொரு வண்டியாக இருந்தால், ஜெயித்தவர் நல்லா ஓட்டினாரா, இல்லை நல்ல வண்டி வெச்சிருந்தாரா என்று எப்படிச் சொல்வது? புதுசா வரும் பையனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது.

மாருதி 800 எப்படி ரேஸ் கார் ஆச்சு?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வண்டி. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: இன்ஜின் இந்தியாவிலேயே கிடைக்கும், ஸ்பேர் கிடைக்கும், கெட்டுப்போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார்.

இந்த இன்ஜினை வைத்து ஒருவர் மட்டும் உட்காரும் ஃபார்முலா வகை ரேஸ் காரை கரிவரதன் கோவையில் உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. அந்தப் பெயரிலேயே தனிப் பந்தயப் பிரிவும் ஓடியது. ஃபார்முலா ஒன்னோடு ஒப்பிட்டால் வேகம் பொம்மைதான். ஆனால் தரையை ஒட்டிய உட்காரும் இடம், மூடாத சக்கரங்கள், எடை குறைந்த உடல், வளைவில் கிடைக்கும் பிடிப்பு எல்லாம் உண்மையான ரேஸ் காருக்கு உரியவை. சாலைக் காரை ஓட்டிப் பழகியவருக்கு இது வேற பாடம்.

இதில் முக்கியமான விஷயம், எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்பது. இன்ஜின் ஒண்ணு, அச்சு ஒண்ணு. பக்கத்து வண்டி முந்தினால் வண்டியைக் குறை சொல்ல முடியாது. எங்கே பிரேக் பிடிச்சோம், எங்கே திரும்பினோம் என்று தன்னையே பார்த்துத் திருத்திக்கணும். செலவும் இறக்குமதி காரை விட எவ்வளவோ குறைவு. கரிவரதன் சொந்தமாக ஒரு வேகமான காரைச் செய்து கோப்பைகளை அள்ளியிருக்கலாம். அதை விட்டு, மற்றவர்களும் தன்னோடு மோதுகிற மாதிரி காரைச் செய்துகொடுத்தார்.

அந்தக் காரில் ஓட்டியவர்கள் எங்கே போனார்கள்?

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே டிராக் வந்தது. ஓடுதளத்தின் காலம் முடிந்தது. அந்த டிராக்கில் ஃபார்முலா மாருதி ஓட்டி, முதல் ரேஸிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்தார் ஒரு கோவைப் பையன். பெயர் நரேன் கார்த்திகேயன். பிறகு பிரான்ஸில் பயிற்சி, 1993-ல் மறுபடியும் ஃபார்முலா மாருதி சீசன், கூடவே பிரிட்டனில் பந்தயம், 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் என்று போய், 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் அமெரிக்காவில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார்.

இரண்டாமவர் சென்னையின் கருண் சந்தோக். 2000-ல் ஃபார்முலா மாருதி தேசிய சாம்பியன். 2010-ல் ஃபார்முலா ஒன்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் தொடக்கம் கோவையில் பிறந்த அந்தச் சின்ன காரில். கரிவரதன் விட்டுப்போனதை அளக்க இதைவிட வேற அளவுகோல் வேண்டாம்.

1995-க்குப் பிறகு

1995-ல் ஒரு விமான விபத்தில் கரிவரதன் உயிரிழந்தார். நாற்பதுகளின் தொடக்கம்தான். நரேன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்ட இன்னும் பத்து வருஷம் இருந்தது. தான் போட்ட விதை என்ன ஆச்சு என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் கோவை அந்த வேலையைப் பாதியில் விடவில்லை. பைக் செயினுக்குப் பேர் போன எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனத்தின் பி. விஜயகுமார் செட்டிபாளையம் டிராக் உருவாகக் காரணமாக இருந்தார். அதற்கு கரியின் பேர் வைக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் பேரைத் தாங்கிய ஃபார்முலா எல்ஜிபி பந்தயங்கள், ஒரே மாதிரி கார் என்ற கொள்கையைத் தொடர்ந்தன.

இப்போது அந்த டிராக்கில் ஒரு சீசன் எப்படி இருக்கும்? தேசிய ரேஸிங் சாம்பியன்ஷிப்பின் பல சுற்றுகள் இங்கே நடக்கும். புதியவர்களுக்கு நோவிஸ் கப், அனுபவசாலிகளுக்கு ஃபார்முலா எல்ஜிபி 4. பைக் பக்கம் வந்தால், 2021-ல் இங்கே தொடங்கிய ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜிடி கப். எல்லாருக்கும் ஒரே 650 சிசி இரட்டை சிலிண்டர் பைக். சுற்றுக்குச் சுற்று சேரும் புள்ளிகளில்தான் சாம்பியன் யார் என்று தெரியும். போலந்து ஸ்பீட்வே ரசிகர் வந்து பார்த்தால் பாதை புதுசாக இருக்கும், கணக்கு பழகியதாக இருக்கும்.

அப்போ ரேஸ் எல்லாருக்கும் ஆச்சா?

முழுசா ஆகவில்லை. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பேர் பெற்ற ராலி ஓட்டுநர். கருணின் அப்பா விக்கி சந்தோக்கும் ரேஸ் குடும்பத்து ஆள். கரிவரதனின் கார் முதல் படியின் விலையைக் குறைத்தது. அதற்கு மேல் இருக்கும் ஐரோப்பியப் படிகளுக்கு இன்றைக்கும் கோடிகள் வேணும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஏறியது தற்செயல் இல்லை.

பைக்கில் அந்த முதல் படி இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருக்கு. நிறுவனமே வண்டி கொடுக்கும் பந்தயங்களில், சொந்தமாக ரேஸ் பைக் தயார் செய்ய வசதி இல்லாதவரும் ஓட்டிப் பார்க்கலாம். அவிநாசி ரோட்டில் நடுராத்திரி வேகம் காட்டி அடிபடுவதற்குப் பதிலாக, ஹெல்மெட், சூட், ஆம்புலன்ஸ், மார்ஷல் இருக்கும் இடத்தில், தன் நேரம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வழி இது.

அங்கே ஒரு பையனோ பெண்ணோ பக்கத்தில் நிற்பவருக்கு இருக்கும் அதே பைக்கோடு ஸ்டார்ட் லைனில் நின்றால், கரிவரதனின் யோசனை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு என்று அர்த்தம். அடுத்த படிக்கான செலவை யார் குறைப்பார்கள் என்பதுதான் பாக்கி இருக்கும் கேள்வி.