கரந்தைத் தமிழ்ச் சங்கமும் தமிழவேள் உமாமகேசுவரனாரும்: ஊர்ச்சங்கம் ஒன்றின் வரலாற்றுப் பணி

முன்னுரை

தமிழவேள் த. வே. உமாமகேசுவரனார் தமிழ்ப்பற்றாளராகவும் கட்டாய இந்தியை எதிர்த்தவராகவும் பெரிதும் நினைக்கப்படுகிறார். அவர் முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம், தஞ்சை வட்டாரத்தின் வரலாற்றைத் தேடவும் எழுதவும் காக்கவும் களம் அமைத்த ஓர் ஊர்ச்சங்கமாகவும் விளங்கியது. இப்பணி போதிய அளவு ஆராயப்படவில்லை. பெருங்கொடையாளர் ஒருவரை மட்டும் சார்ந்திராமல் ஓர் ஊரின் மக்கள் வரலாற்று நினைவைப் பேணும் நிறுவனத்தைக் கட்டி நிலைநிறுத்த இயலுமா என்னும் வினாவை முன்வைத்து, அவர்தம் வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் இளமையும்

தஞ்சை மாநகரின் வடபகுதியாகிய கரந்தையின் பழம்பெயர் கருந்திட்டைக்குடி என்பதாகும். தேவார வைப்புத் தலங்களுள் இடம்பெற்ற இப்பெயர், மக்கள் வழக்கில் கருந்தட்டான்குடி எனத் திரிந்து கரந்தை எனச் சுருங்கியது. ஊர்ப்பெயரே இலக்கியத்திற்கும் வரலாற்றிற்கும் வழிகாட்டும் இவ்விடத்தில், 1883ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உமாமகேசுவரனார் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், உறவினர் பேணலில் வளர்ந்து, சென்னையில் சட்டம் பயின்றார். பின்னர்த் தஞ்சையில் வழக்கறிஞர் கே. சீனிவாச பிள்ளையிடம் தொழிற்பயிற்சி பெற்றார். சீனிவாச பிள்ளை தமிழ் வரலாறு என்னும் நூலை எழுதியவர். ஆதலின், வழக்கில் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் முறையும் இலக்கியத்தைக் கால வரிசையில் வைத்து நோக்கும் முறையும் ஒரே ஆசிரியரிடத்தில் உமாமகேசுவரனாருக்கு அறிமுகமாயின எனலாம்.

சங்கத்தின் தோற்றம்

1911ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இதற்கு வித்திட்டவர் உமாமகேசுவரனாரின் இளவல் இராதாகிருட்டிண பிள்ளை ஆவார். தலைமைப் பொறுப்பு தமையனாரிடம் வந்தது. இதற்குப் பத்தாண்டு முன்னர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பாலவனத்தம் குறுநில மன்னர் பாண்டித்துரைத் தேவர் நிறுவியிருந்தார். அச்சங்கம் ஏடு தேடுதல், நூல் பதிப்பித்தல், தேர்வு நடத்துதல், செந்தமிழ் இதழ் வெளியிடுதல் ஆகியவற்றால் பெரும்பணி ஆற்றியது. அதன் முதன்மை வலிமை புரவலரின் செல்வமும் செல்வாக்குமாகும். கரந்தைச் சங்கம் தோன்றிய அதே 1911ஆம் ஆண்டின் இறுதியில் தேவர் மறைந்தார். புரவலர் மறைந்தபின் சங்கம் எவ்வாறு நிலைக்கும் என்னும் கவலை அக்காலத் தமிழறிஞர் யாவர்க்கும் பொதுவானதாகும்.

கரந்தையில் சங்கம் கண்டோர் குறுநில மன்னர் அல்லர். வழக்கறிஞர், ஆசிரியர், ஊர்ப்பொதுமக்கள் ஆகியோரே. 1918இல் இராதாகிருட்டிண பிள்ளை இளவயதில் மறைந்தார். தம்பியை இழந்த துயரோடு, தம்பி தொடங்கிய அமைப்பைக் காக்கும் கடமையும் தமையனாரைச் சேர்ந்தது. சங்கத்தின் தொடக்கப்பள்ளி இளவலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கூடி வாழும் முறை

உமாமகேசுவரனார் தஞ்சை வட்டக் கழகத் தலைவராகப் பள்ளிகளை வளர்த்தவர். தஞ்சையில் கூட்டுறவு இயக்கம் வேரூன்ற உழைத்தவர். பலர் சிறுகச் சேர்த்த பொருளைப் பொதுப்பொருளாக்கிக் கணக்கோடு காப்பது கூட்டுறவின் அடிப்படையாகும். இவ்வடிப்படையே சங்கத்தின் வளர்ச்சியிலும் புலப்படுகிறது. உறுப்பினர் கூட்டம், ஆண்டு விழா, சொற்பொழிவு, நூல்நிலையம், பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகள் விரிந்தன. 1916இல் தொடங்கிய செந்தமிழ்க் கைத்தொழிற் கல்லூரி, தமிழ்க் கல்வியோடு கைத்தொழிலையும் இணைத்தது. சங்கத்தின் நூல்நிலையமாகிய பெத்தாச்சி புகழ்நிலையம், நூல் வாங்க இயலாத மாணவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் பயன்பட்டது. கொடையாளர் பெயரைத் தாங்கினும் அந்நிலையம் சங்கத்தின் பொதுவுடைமையாகவே இயங்கியது. கொடையை மறுக்காமல், அதனைத் தனிமனிதர் விருப்பத்திற்கு விடாமல், நிறுவனத்தின் உடைமையாக மாற்றியதில் வழக்கறிஞரின் முன்னறிவைக் காணலாம்.

சங்க நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கம் பாடப்பட்டது. அப்பாடலின் பகுதி 1970இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. ஊர்ச்சங்கத்தின் வழக்கம் நாட்டின் வழக்கமாக வளர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

வரலாற்றாய்வுக்குக் களம்

1925இல் சங்கத்தின் திங்களிதழாகத் தமிழ்ப்பொழில் தோன்றியது. அக்காலத்தில் தென்னிந்திய வரலாற்றாய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. தம் ஊர்க் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டின் செய்தியைத் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் அறிந்துகொள்ள வாய்ப்பு அரிதாக இருந்தது. இவ்விடைவெளியை நிரப்பிய தமிழிதழ்களுள் செந்தமிழுக்கு அடுத்து எண்ணத்தக்கது தமிழ்ப்பொழில்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தி. வை. சதாசிவ பண்டாரத்தார். சோழப் பேரரசின் எழுச்சிக்கு வழிவகுத்த போர் நிகழ்ந்த திருப்புறம்பயத்தில் 1892இல் பிறந்தவர் அவர். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளை ஆராய்ந்தார். அவர் ஆய்வுகள் தமிழ்ப்பொழிலில் கட்டுரைகளாக வெளிவந்தன. 1942இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணி ஏற்றார். பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949இல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் அவரை ஏற்பதற்கு முன்பே, பள்ளியாசிரியராகிய அவருடைய ஆராய்ச்சி அறிஞர் அவையை அடையக் கரந்தை இதழ் துணைநின்றது. தஞ்சைத் தமிழாசிரியர் எல். உலகநாத பிள்ளை கரிகாற் சோழனையும் முதல் இராசராசனையும் பற்றித் தமிழில் எழுதினார். உமாமகேசுவரனார் தம் பெயரால் வரலாற்றுப் பெருநூல் இயற்றியவர் அல்லர். பிறர் எழுதுவதற்கு இதழும், படிப்பதற்கு நூல்நிலையமும், கேட்பதற்கு அவையும் அமைத்துத் தந்தமையே அவர்தம் வரலாற்றுப் பணியாகும்.

நிலைபேறு பற்றிய வினா

1937இல் கட்டாய இந்திக் கல்விக்கு எதிராகச் சங்கம் குரல் எழுப்பியது. மறு ஆண்டு, 1938இல், கரந்தைப் புலவர் கல்லூரி தொடங்கப்பட்டது. எதிர்ப்போடு நில்லாது, தமிழ் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்கும் ஆக்கப்பணியையும் சங்கம் மேற்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

எனினும் இங்கு ஒரு முரண் உண்டு. பலர் கூடி நடத்தும் சங்கம் என்னும் கொள்கையை உடைய இவ்வமைப்பு, 1911 முதல் 1941 வரை ஒருவர் தலைமையிலேயே இயங்கியது. புரவலரைச் சார்ந்து நிற்பதைத் தவிர்த்த சங்கம், தலைவர் ஒருவரின் உழைப்பைச் சார்ந்து நிற்கும் நிலையை எய்தியது. இதனை அவர்தம் குறையாகக் கொள்வதைவிட, ஊர்ச்சங்கங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் இடராகக் கொள்வதே பொருந்தும். சங்கத்தை மேலும் பெரிய கல்வி நிலையமாக வளர்க்கக் கருதிய அவர், 1941இல் தாகூரின் சாந்திநிகேதனத்தைக் கண்டுவர வடநாடு சென்றார். திரும்பும் வழியில் அயோத்தியை அடுத்த பைசாபாத்தில் மே 9ஆம் நாள் காலமானார். தம் ஊரின் சங்கத்துக்காக வாழ்நாளைச் செலவிட்டவர், ஊரையும் உற்றாரையும் நீங்கித் தொலைநாட்டில் உயிர்நீத்தார்.

அவர்தம் மறைவோடு சங்கம் மறையவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார், 1944இல் தாம் மறையும் வரை புலவர் கல்லூரியின் மதிப்பியல் முதல்வராக விளங்கினார். பிற்காலத்தில் முதல் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி ஒன்று சங்கத்தின் காப்பில் இருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட அது, அம்மன்னனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயக் கொடையையும், காம்போச மன்னன் நட்பு நாடித் தேர் அனுப்பியதையும் தெரிவிப்பது. அது கரந்தைத் தமிழ்ச் சங்கச் செப்பேடுகள் என்றே ஆய்வுலகில் வழங்குகிறது.

முடிவுரை

செப்பேடுகள் பொதுவாகக் கண்டெடுக்கப்பட்ட ஊராலோ தொடர்புடைய கோயிலாலோ பெயர் பெறும். பேரரசன் ஒருவனின் ஆவணம் தன்னைக் காத்த சங்கத்தால் பெயர் பெற்றமை அரிய நிகழ்வாகும். உமாமகேசுவரனார் காணாத இச்செப்பேட்டுக்கு இருப்பிடம் தந்தது அவர் கட்டிய நிறுவனமே. தலைவர் மறைந்த பின்னரும் பிறர் நம்பி ஒப்படைக்கத்தக்க இடமாக நிலைப்பதே ஊர்ச்சங்கத்தின் வெற்றி எனின், முன்னுரையில் எழுப்பிய வினாவுக்குக் கரந்தை விடை தந்திருக்கிறது. தமிழ்ப்பொழிலின் பழைய தொகுதிகளில் உள்ள வட்டார வரலாற்றுக் கட்டுரைகளை ஊர்வாரியாக வகைப்படுத்தி ஆராய்வது, இவ்வாய்வின் அடுத்த படியாக அமையத் தக்கது.