ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜோன் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) பிரித்தானியாவில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த மரபியலாளர் ஆவார். குடித்தொகை மரபியலின் நிறுவனர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

ஆக்சுபோர்டில் உடலியங்கியல் அறிஞர் ஜோன் இசுகாட் ஹால்டேனின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப் போரில் பங்கேற்று, மெசொப்பொத்தேமியாவில் காயமுற்றார். பின்னர் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணியாற்றினார். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார்.

1957இல் மனைவி எலன் இசுபர்வேயுடன் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். 1961இல் அங்கிருந்து விலகினார். புவனேசுவரத்தில் புற்றுநோயால் காலமானார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

நோயெதிர்ப்பு மரபியல்

ஹால்டேனிடம் மரபியல் கற்ற பீட்டர் கோரர், அவரது தூண்டுதலால் எலிகளின் குருதி ஆன்டிஜென்களை ஆராய்ந்தார். ஒட்டப்பட்ட திசுவை உடல் ஏற்பதையும் மறுப்பதையும் தீர்மானிக்கும் ஆன்டிஜென் ஒன்றை 1936இல் கண்டறிந்தார். மனிதரில் இதற்கு இணையானது, 6ஆம் நிறப்புரியிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுத் தொகுதியாகும். இத்துறைக்கு 1980இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது கோரர் உயிருடன் இல்லை.

தலசீமியா மரபணு ஒன்றை மட்டும் உடையோர் மலேரியாவைத் தாங்குவர் என்று ஹால்டேன் கருதினார். மனிதரிடையே காணப்படும் ஆன்டிஜென் வேறுபாடுகளுக்கும் தொற்றுநோய்களே காரணமாகலாம் என 1949இல் எழுதினார். ஒரு கிருமி பெரும்பான்மையோரின் உடலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது, அரிய வகையினர் தப்புவர் என்பதே இதன் சாரம். அன்று இது பெரும்பாலும் ஊகமே.

உறவுத் திருமணங்கள்

இந்தியாவில் ஹால்டேனின் மாணவரான கிருட்டிண துரோணம்ராஜு, ஆந்திராவின் நெருங்கிய உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். சேலம், நாமக்கல் சமவெளியிலும் அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகளை மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது.

இவ்வழக்கம் தலசீமியா போன்ற நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்நோய்க்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு எச்.எல்.ஏ. பொருந்தும் கொடையாளர் தேவை. உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. ஆனால் பெற்றோர் உறவினராக இருப்பின், ஒரே எச்.எல்.ஏ. தொகுதி இருவரிடமும் இருக்கக்கூடும். அப்போது தாயோ தந்தையோகூட முழுமையாகப் பொருந்தலாம். நோய்க்கு வழிவிட்ட உறவே சில குடும்பங்களில் கொடையாளரையும் தருகிறது.

குடும்பத்தில் எவரும் பொருந்தாதபோது கொடையாளர் பதிவகங்களை நாட வேண்டும். எச்.எல்.ஏ. வகைகளின் பரவல் மக்கள் குழுவுக்குக் குழு வேறுபடுவதால், ஐரோப்பியர் மிகுந்த பதிவகங்களில் தமிழருக்குப் பொருத்தம் கிட்டுவது அரிது. சென்னையில் 2009இல் தாத்ரி பதிவகம் தொடங்கப்பட்டது. இத்தகைய பதிவகங்களில் சேரும் எச்.எல்.ஏ. விவரங்கள், ஹால்டேன் ஊகித்த வேறுபாடுகளைக் குழுவாரியாகக் கணக்கிடவும் பயன்படுகின்றன.