கோர்டெலியா நாட்

கோர்டெலியா நாட் (1890 - 1974) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் புகழ்பெற்ற உணவகம் ஒன்றை நிறுவியவர். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் கேளிக்கைப் பூங்காவை உருவாக்கிய நாட் குடும்பத்தின் தலைவி ஆவார். இப்பூங்காவின் வரலாறு பெரும்பாலும் இவரது கணவர் வால்ட்டர் நாட்டையும் அவர் பரப்பிய போய்சன்பெர்ரி என்னும் பழத்தையும் முன்வைத்தே கூறப்படுகிறது. ஆனால் அப்பண்ணையை நோக்கிப் பெருங்கூட்டம் வரத் தொடங்கியது கோர்டெலியா சமைத்த வறுத்த கோழிக்காகவே.

இளமையும் திருமணமும்

கோர்டெலியா ஹோர்னடே என்னும் இயற்பெயர் கொண்ட இவர் இலினொய் மாநிலத்தில் பிறந்தவர். இவரது குடும்பம் பின்னர் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் குடியேறியது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் வால்ட்டர் நாட்டைச் சந்தித்தார். இருவரும் 1911 இல் மணம் புரிந்தனர். இவர்களுக்கு மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நான்கு பிள்ளைகள்.

பாலைவனத்தில்

அக்காலத்தில் அமெரிக்க அரசு, குறித்த ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோர்க்குப் பொதுநிலத்தை உரிமையாக்கித் தந்தது. அவ்வாறு மொஹாவி பாலைவனத்தில் 160 ஏக்கர் நிலத்தை வால்ட்டர் தெரிந்தெடுத்தார். நகரத்தில் நிலையான வருமானத்தோடு வாழ்ந்த குடும்பத்தை அங்கே கொண்டு செல்வதில் கோர்டெலியாவுக்கு விருப்பம் இருக்கவில்லை. ஆயினும் உடன் சென்றார். நிலம் விளையவில்லை. கூலிக்காக வால்ட்டர் காலிக்கோ என்னும் பழைய வெள்ளிச் சுரங்க ஊரிலும் பிற இடங்களிலும் வேலை பார்த்தார். அந்நாட்களில் மண்கல் வீட்டில் கைக்குழந்தைகளுடன் தனித்திருந்து குடும்பத்தை நடத்தியவர் கோர்டெலியா. நில உரிமை கைக்கு வந்தபோதும் அதனால் பயன் ஏதும் கிட்டவில்லை. பின்னர் ஷாண்டன் என்னும் ஊரில் ஒரு மாட்டுப் பண்ணையின் தொழிலாளர்களுக்குக் காய்கறி பயிரிட்டுக் கொடுத்தனர். மிகுந்ததை விற்றுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. குடும்பம் ஓரளவு பணம் சேர்த்தது அங்கேதான்.

பியூனா பார்க்கும் தேநீர் அறையும்

1920 இல் பியூனா பார்க் என்னும் ஊரில் 20 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வால்ட்டரும் அவருடைய உறவினர் ஒருவரும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட்டனர். சாலையோரப் பந்தலில் பழங்கள் விற்கப்பட்டன. 1920களின் இறுதியில் நிலத்தின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி, நிலையான கடை ஒன்றைக் கட்டினர். அக்கடையுடன் இணைந்த சிறு தேநீர் அறையைக் கோர்டெலியா கவனித்துக் கொண்டார். சாண்ட்விச், சூடான ரொட்டி, பழப்பாகு, பெர்ரிப் பை ஆகியன அங்கு கிடைத்தன.

கோழி உணவு

1929 இல் தொடங்கிய பெருமந்தம் பழ விற்பனையையும் நிலத்தின் மதிப்பையும் தாக்கியது. நிலத்திற்கான கடனோ குறையவில்லை. பழங்கள் காய்க்காத மாதங்களில் வருமானம் பெரிதும் சுருங்கியது. இந்நிலையில் 1934 சூன் மாதத்தில் ஒரு மாலை, கோர்டெலியா எட்டுப் பேருக்குக் கோழி வறுத்து விருந்தளித்தார். உணவகம் நடத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. அதற்கான தட்டுகளும் இல்லை. தம் திருமணத்திற்குப் பரிசாக வந்த பீங்கான் தட்டுகளிலேயே பரிமாறினார். ஒருவருக்கு விலை 65 சென்ட். வறுத்த கோழியுடன் மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, காய்கறி, பிஸ்கட் (கடைகளில் பொதியாக விற்கும் மொறுமொறுப்பான பண்டம் அன்று, அடுப்பில் சுட்ட மென்மையான சிறு ரொட்டி), இறுதியில் பெர்ரிப் பை என்பன அவ்விலைக்குள் அடங்கின.

செய்தி வாய்வழியே பரவியது. தேநீர் அறை உணவகமானது. மேசைகள் பலமுறை கூட்டப்பட்டன. பிள்ளைகளும் வேலையில் இறங்கினர். 1937 ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளன்று மட்டும் 1,774 உணவுகள் பரிமாறப்பட்டன. 1940 அளவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தொகை ஏறத்தாழ 4,000 ஆகியது.

இதே காலத்தில்தான் வால்ட்டரின் பழமும் பெயர் பெற்றது. ருடால்ஃப் போய்சன் என்பவர் வளர்த்துக் கைவிட்ட சில செடிகளை மீட்டு வளர்த்த வால்ட்டர், அதன் பெரிய பழத்திற்குப் போய்சன்பெர்ரி என்று பெயரிட்டார். பழமும் கோழியும் ஒன்றையொன்று விற்றன.

காத்திருந்தோரும் பூங்காவும்

உணவுக்காக மக்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களது பொழுதுபோக்கிற்காக முதலில் பாறைத் தோட்டம், சிறு அருவி, கண்ணாடிக்குப் பின்னே இயங்கும் தேன்கூடு போன்றவற்றை வால்ட்டர் அமைத்தார். 1940 இல் பழைய மேற்குக் குடியேற்ற ஊர் ஒன்றின் சாயலில் "பேய் நகரம்" என்னும் பகுதியைக் கட்டத் தொடங்கினார். இது முன்னோர்களின் குடியேற்றப் பயணத்தை நினைவுகூரும் முயற்சியும் ஆகும். தாம் ஒருகாலத்தில் கூலிவேலை செய்த காலிக்கோ ஊரையே 1951 இல் விலைக்கு வாங்கினார். 1952 இல் பூங்காவில் நீராவித் தொடருந்து ஓடத் தொடங்கியது. 1955 இல் அண்மையில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்ட பின்னரும் இங்கு கூட்டம் குறையவில்லை. 1968 வரை பண்ணைக்குள் நுழையக் கட்டணமே இல்லை. உணவு, பழப்பாகு, கடைகள், தனித்தனியே கட்டணம் பெற்ற விளையாட்டுகள் ஆகியவற்றின் வருமானத்தாலேயே இடம் வளர்ந்தது.

மறைவும் பின்னரும்

கோர்டெலியா 1974 இல் காலமானார். வால்ட்டர் 1981 இல் மறைந்தார். பிள்ளைகள் தொழிலைத் தொடர்ந்தனர். பழப்பாகு முதலிய உணவுப் பொருள்களின் வணிகம் 1995 இல் கொன்அக்ரா நிறுவனத்திற்கும், பூங்கா 1997 இல் சீடர் ஃபேர் நிறுவனத்திற்கும் விற்கப்பட்டன. திருமதி நாட்டின் பெயரைத் தாங்கிய கோழி உணவகம் பூங்காவின் நுழைவுவாயிலுக்கு வெளியே உள்ளது. அங்கு உண்பதற்குப் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையில்லை.