திருமணி போற்றும் மருத்துவச் சான்றோர் இராபர்ட் காக்ரேன்

அச்சரப்பாக்கத்திலிருந்து நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மதுராந்தகத்தைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டிச் செங்கற்பட்டை அடைவர். அந்நகரை அடுத்துள்ள சிற்றூர் திருமணி. மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைந்துள்ளது. நம் வட்டாரத்தார் நெடுங்காலம் அச்சத்தோடு மட்டுமே உச்சரித்து வந்த அவ்வூர்ப் பெயரை உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெறச் செய்த பெருமகனார் டாக்டர் இராபர்ட் காக்ரேன் ஆவார். அன்னாரின் வாழ்வையும் பணியையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

காக்ரேன் 1899ஆம் ஆண்டில் சீன நாட்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் தாமஸ் காக்ரேன் மருத்துவ அருட்பணியாளர். பீக்கிங் நகரில் 1906ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி ஒன்றை நிறுவியவர். தந்தையின் வழியில் மைந்தரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மருத்துவம் பயின்றார். 1924ஆம் ஆண்டையொட்டி இந்தியா வந்த அவர், அக்காலத்தில் தொழுநோய் ஆய்வில் முன்னோடியாக விளங்கிய டாக்டர் எர்னஸ்ட் மூரிடம் கல்கத்தாவில் பயிற்சி பெற்றார். 1931ஆம் ஆண்டில் மணிலாவில் உலகத் தொழுநோய்ச் சங்கம் தோன்றியபோது அதனை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் திகழ்ந்தார்.

அறியாமையின் கொடுமை

தொழுநோய் கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஹேன்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். ஆயினும் அவ்வுண்மை நம் சிற்றூர்களை எட்டவில்லை. முன்வினைப் பயன் என்றனர் சிலர். பரம்பரை நோய் என்றனர் சிலர். ஒழுக்கக்கேட்டின் விளைவு என்றனர் வேறு சிலர். நோயுற்றவரைப் பெற்ற பிள்ளைகளே வீட்டை விட்டு வெளியேற்றினர். அவர்தம் தங்கையர்க்கு மணம் கூடவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ, வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது.

இதற்கு மாறான மரபும் உலகில் இருந்தது. கி.பி. 707ஆம் ஆண்டளவில் திமிஷ்க் நகரில் கலீஃபா வலீத் அவர்கள் தொழுநோயாளர்க்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் பிச்சை எடுக்கும் நிலையை ஒழித்தார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். நோயுற்றவரைக் காப்பது அரசின் கடன் என்னும் அவ்வுணர்வு இடைக்காலத்தே மங்கிப் போயிற்று எனலாம்.

திருமணியில் பணி

1924ஆம் ஆண்டில் தோன்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் தலைமை மருத்துவராக 1935ஆம் ஆண்டில் காக்ரேன் பொறுப்பேற்றார். அந்நாளில் நீரடிமுத்து எண்ணெயே கைகண்ட மருந்து. நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாக அறிந்திருந்த அதனை ஊசி வழியே செலுத்தினர். வலி மிகுதி; பயனோ குறைவு.

இல்லத்தின் சுவர்களுக்குள் நோயாளரை அடைத்து வைப்பதால் நோய் ஒழியாது என்பதைக் காக்ரேன் நன்கு உணர்ந்திருந்தார். அடைத்து வைப்பர் என்ற அச்சமே மக்களை நோயை மறைக்கத் தூண்டிற்று. மறைத்த காலமெல்லாம் நோய் முற்றிற்று. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவிற்று. ஆதலின் அவர்தம் கவனம் சிற்றூர்களை நோக்கித் திரும்பியது. தொற்றும் நிலையிலுள்ளோர் பகலில் தத்தம் நிலத்தில் உழைக்கலாம்; இரவில் மட்டும் ஊரை ஒட்டிய தனியிடத்தில் உறங்கினால் போதும் என்னும் முறையை அவர் வலியுறுத்தினார். குழந்தைகளைக் காப்பது, உழைப்பவரின் பிழைப்பைக் கெடாமல் வைப்பது என்னும் இரண்டும் இதனால் கூடின. நல்ல மருந்து இல்லாத காலத்தில் மனிதத் தன்மையோடு எண்ணப்பட்ட வழி இதுவாகும். பிற்காலத்தில் மருந்து வந்தபின் அதற்கும் தேவை இல்லாது போயிற்று.

மருந்து வந்தது

1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் இனத்தைச் சேர்ந்த மருந்து ஒன்று தொழுநோய்க்குப் பயன்படுவது தெரிந்தது. அது விலை மிகுந்தது; இந்திய ஏழைக்கு எட்டாதது. அவ்வினத்தின் மூல மருந்தாகிய டாப்சோன் மிகவும் மலிவானது. ஆயினும் நச்சுத்தன்மை உடையதெனக் கருதி மருத்துவர்கள் அதனை ஒதுக்கியிருந்தனர். 1946ஆம் ஆண்டையொட்டிக் காக்ரேன் திருமணியில் அதனைக் குறைந்த அளவில் ஊசி வழியே கொடுத்துப் பார்த்தார். நோயாளர் தேறினர். விரைவில் வேறு நாடுகளில் அதுவே மாத்திரையாகவும் வழங்கப்பட்டது. உலகெங்கும் இலட்சக்கணக்கான ஏழைகளுக்குக் கிடைத்த மருந்தின் தொடக்க வரலாற்றில் நம் செங்கற்பட்டுக்கும் பங்குண்டு என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

கை கொடுத்த சந்திப்பு

1940களில் காக்ரேன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அங்குப் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை 1947ஆம் ஆண்டில் திருமணிக்கு அழைத்து வந்து காட்டினார். கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த பிராண்ட், அங்கு ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களில் தம் கையை வைத்துப் பற்றச் சொன்னார். அந்தப் பிடியின் வலிமை அவரைத் திகைக்க வைத்தது. கை செத்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டுமே செயலிழந்துள்ளன என்பது விளங்கிற்று. நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையை வேலூரில் அவர் வளர்த்தெடுத்ததற்கு இச்சந்திப்பே வித்தாயிற்று. விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை. உணர்ச்சியற்ற கையில் சூடும் காயமும் தெரியாமற்போவதாலேயே அவை சிதைகின்றன என்பதையும் பிராண்டின் ஆய்வுகள் தெளிவாக்கின.

பின்னர் இங்கிலாந்து திரும்பிய காக்ரேன், அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் தொழுநோய் ஆலோசகராக விளங்கினார். 1959ஆம் ஆண்டில் அவர் பதிப்பித்த தொழுநோய் மருத்துவப் பெருநூல் பல நாட்டு மருத்துவர்க்கும் வழிகாட்டிற்று. திருமணி இல்லத்தை 1955ஆம் ஆண்டில் மைய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. 1985ஆம் ஆண்டில் காக்ரேன் மறைந்தார்.

அவருக்குப் பின்

டாப்சோன் ஒன்றையே நெடுங்காலம் கொடுத்ததால் கிருமிகள் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. ஆகவே 1982ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ, பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் நோய் குணமாகும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இம்மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில் மணமுறிவுக்கோ பிரிந்து வாழ்வதற்கோ காரணமாகத் தொழுநோயைக் குறித்த பகுதி 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

மருந்து வந்தது; சட்டமும் மாறியது. மக்கள் மனமோ இன்னும் முற்றிலும் மாறவில்லை. 2023ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளர் ஏறத்தாழ 1,80,000 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படையைக் கண்டும், அது வலியோ அரிப்போ தராமையால் வாளாவிருப்போர் பலர். ஊரார் அறிந்தால் மகளுக்கு மணம் தடைப்படுமென அஞ்சி மறைப்போர் சிலர். அவ்வாறு மறைக்கும் மாதங்களிலேயே நரம்பு கெடுகிறது, விரல் மடங்குகிறது. ஊனத்தை விளைவிப்பதில் கிருமிக்கு நிகரான பங்கு நாணத்துக்கும் உண்டு என்பதே காக்ரேன் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

மாணவர் கடமை

இந்நோய் பரம்பரையாக வருவதன்று. பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே இதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. மருந்து உண்ணத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவதில்லை. இம்மூன்று உண்மைகளையும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். உணர்ச்சியற்ற படை எவர் உடலில் காணப்படினும் அவரை அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஜமாஅத் பெரியோர்கள் பள்ளிவாசல் சொற்பொழிவுகளில் இதனைக் குறிப்பிடுவார்களாயின், சுவரொட்டிகள் செய்ய இயலாததை அவர்தம் சொல் செய்யும். நோய் நீங்கி வீடு திரும்புவோரோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் நாள் நம் ஊர்கள் தோறும் வருமாயின், அதுவே திருமணியில் உழைத்த அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.