பறவைகளைத் தேடிய மருத்துவர்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம். கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, பயணிகள் மசூலாப் படகேறிக் கரை சேர்ந்தனர். 1836ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு மருத்துவராக வந்தார் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டான். இவர் 1811இல் இங்கிலாந்தில் பிறந்து, எடின்பரோவில் கல்வி கற்றவர்.

நோயாளிகளைக் கவனித்தபின் கிடைத்த நேரமெல்லாம் பறவைகளுக்கே. அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தித்தான் ஆராய்வர். நமக்கு மனம் பதறுகிறது, ஆனால் வேறு வழி அன்று இல்லை. 1839இல் தென்னாட்டுப் பறவைகளின் பட்டியலைச் சென்னை இதழொன்றில் வெளியிடத் தொடங்கினார். பின்னர் நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு 50 வண்ணப் படங்களுடன் ஒரு நூலும் சென்னையிலேயே அச்சிட்டார்.

1841இல் மணமுடித்தார். மனைவி புளோராவும் மலர்களை வரைவதில் நாட்டமுடையவர். அதன்பின் நெல்லூரில் அரசு மருத்துவர் பணி. எண்ணூரையும் பழவேற்காடு ஏரியையும் தாண்டி வடக்கே சென்றால் வருமே, அதே நெல்லூர்தான்! அங்கே காட்டை நன்கறிந்த யானாதி மக்களிடம் உயிரினங்களைப் பற்றிக் கேட்டறிந்தார். படித்த மருத்துவர், பள்ளிக்கூடமே காணாதவர்களிடம் பாடம் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எறும்பு, மீன், பாம்பு எதையும் அவர் விடவில்லை. நம் கடலில் வாழும் கடற்பாம்பு ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1862 முதல் 1864 வரை வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்னும் நூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களை விவரித்தார். 1872இல் இங்கிலாந்தில் காலமானார்.

கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைச்சாரலில், மார்பில் இரு பட்டைகள் கொண்டு தரையில் ஓடும் பறவையொன்றை அவர் கண்டறிந்திருந்தார். 1848இல் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. 1900க்குப் பின் அதை எந்த அறிஞரும் காணவில்லை. அழிந்தே போயிற்று என்று பலர் முடிவு கட்டினர். 1986இல் பரத் பூஷண் என்பவர் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டுபிடித்தார். அது இரவில் நடமாடும் பறவை. பகலில் தேடியவர்களுக்கு எப்படி அகப்படும்? அவ்வூர் வேடர்களோ அதைக் 'கலிவிக்கோடி' என்று பெயர் சொல்லியே அறிந்திருந்தனர்!

கிருஷ்ணா நதிநீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை, 2005இல் அப்பறவையின் புதர்க்காட்டுக்குள் புகுந்தது. பறவை ஆர்வலர்கள் முறையிட்டதால், கால்வாயின் பாதையே மாற்றப்பட்டது.