பெயர் வக்கீல், வேலை டாக்டர்: பிரஷர் மாத்திரைக்குப் பின்னால் ஒரு பம்பாய்க்காரர்

வேடசந்தூர், நிலக்கோட்டைன்னு திண்டுக்கல் பக்கம் பல வீடுகள்ல இப்போ பிரஷர் மாத்திரை வீடு தேடியே வருது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வந்து கொடுத்துட்டுப் போறார். தாத்தாவுக்கு அம்லோடிபின். சுகரும் இருக்கிற அப்பாவுக்கு டெல்மிசார்டான். ரெண்டு பேருக்கும் பிரஷர்தானே, மாத்திரை மட்டும் ஏன் வேற?

இப்படிக் கேட்கவே முடியாத காலம் ஒண்ணு இருந்துச்சு. அதை மாத்தினவங்கள்ல முக்கியமானவர் ருஸ்தம் ஜால் வக்கீல். பெயர்லதான் வக்கீல், ஆள் டாக்டர். 1911-ல் பம்பாயில் பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படிச்சுட்டு ஊர் திரும்பி, கே.இ.எம். மருத்துவமனையில் இதய நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிச்சார்.

அப்போ டாக்டர்கள் கையில் பிரஷருக்குன்னு உருப்படியான மருந்தே கிடையாது. உப்பைக் குறைங்க, ஓய்வெடுங்க, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை... அவ்வளவுதான். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்த அன்று, அவருடைய பிரஷர் 300/190. அவருக்கே அதான் கதி!

நம்ம நாட்டு வைத்தியர்கள் மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் சர்ப்பகந்தா வேரைக் கொடுத்துட்டு இருந்தாங்க. அது பிரஷரையும் குறைக்குதுன்னு சென், போஸ் என்ற ரெண்டு பேர் 1931-லேயே எழுதிட்டாங்க. மாத்திரையாவும் விற்பனைக்கு வந்துச்சு. ஆனா மேல்நாட்டு டாக்டர்கள் கண்டுக்கவே இல்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு குறைஞ்சதுன்னு அவங்க நம்புற மாதிரி கணக்கு வேணுமே!

வக்கீல் அந்தக் கணக்கைத்தான் போட்டார். பல வருஷம் அந்த வேரைக் கொடுத்துப் பார்த்தவர், 50 நோயாளிகளின் விவரங்களை எடுத்துக்கிட்டார். நாலு வாரம் மருந்து. மேல் அளவு குறைஞ்சவங்க 85 சதவிகிதம், கீழ் அளவு குறைஞ்சவங்க 81 சதவிகிதம். மிச்சப் பேருக்குக் குறையலைங்கிறதும் அதே கணக்கிலேயே இருக்கு. எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் இதுதான். 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் கட்டுரை வந்துச்சு. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற டாக்டர் அந்த மருந்தைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1952-ல் சுவிஸ் நாட்டு சிபா கம்பெனி வேரிலிருந்து ரிசர்பினைப் பிரிச்செடுத்தது. 1957-ல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது, அடுத்த வருஷமே பத்மபூஷண்.

ஆனா சிக்கலும் கூடவே வந்துச்சு. ரிசர்பின் சாப்பிட்ட சிலர், குறிப்பா அதிக அளவில் சாப்பிட்டவங்க, மனச்சோர்வில் விழுந்தாங்க. அதே ரிசர்பின் இன்னும் ரெண்டு மருந்துகளோட சேர்ந்து கடுமையான பிரஷரின் ஆபத்துகளைக் குறைக்கும்னு 1967-ல் அமெரிக்க ஆய்வு ஒண்ணு காட்டவும் செஞ்சது. அதுக்குள்ள சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, பீட்டா பிளாக்கர்னு வரிசையா வந்தாச்சு. பிரஷரைக் குறைக்குதான்னு மட்டும் பார்த்தது போக, இந்த மருந்து இந்த ஆளுக்கு ஒத்துக்குமான்னும் டாக்டர்கள் பார்க்க ஆரம்பிச்சாங்க.

இப்போ அப்பா விஷயத்துக்கு வருவோம். சுகரோட சிறுநீரில் புரதமும் போனா, கிட்னியைக் காப்பாத்துறதுக்காக டெல்மிசார்டான் வகையைத்தான் முதல்ல தேடுவாங்க. கர்ப்பிணிகளுக்கு அதே வகை கூடவே கூடாது, குழந்தையைப் பாதிக்கும். அவங்களுக்கு லபெடலால் மாதிரி வேற மருந்து. ஆஸ்துமா இருந்தா பீட்டா பிளாக்கர் கொடுக்க யோசிப்பாங்க. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். அம்லோடிபின்ல தாத்தாவுக்குக் கால் வீங்கினா டாக்டர்கிட்ட சொல்லணும். அப்பாவோட அட்டையிலிருந்து ஒண்ணை எடுத்துப் போட்டுக்கக் கூடாது.

வக்கீல் 1974-ல் இறந்தப்போ வயசு 63. அவர் தொகுத்த மருத்துவப் பாடநூல் பிறகும் புதுப்புதுப் பதிப்பா வந்துச்சு. அவருக்கு விருது வாங்கிக் கொடுத்த மருந்தை மட்டும் இப்போ டாக்டர்கள் எழுதுறதே அபூர்வம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெடிக்கல் ஷாப்ல ரிசர்பின் கேட்டா, கடைக்காரத் தம்பி முழிக்கத்தான் செய்வார்.